டின் யாருக்கு?

அம்மா போய்ப் பதினாறு கழிந்த மறுநாள். நாகர்கோவில் வடசேரியில் எங்கள் பழைய வீட்டின் முன்னறை. அக்கா, அண்ணன், நான், மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். சாமான் பிரிக்கிற சடங்கு.

நகை பத்தே நிமிஷத்தில் முடிந்தது. இருந்ததே கொஞ்சம். உருளி அக்காவுக்கு, குத்துவிளக்கு அண்ணனுக்கு, செம்புப் பானை எனக்கு. யாரும் முகம் கோணவில்லை. 'பரவாயில்லையே, நாம எல்லாம் நல்ல பிள்ளைங்கதான்' என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்த நேரம், அடுக்களையிலிருந்து மயினி ஒரு தகர டின்னைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்.

உருண்டை டின். மூடியில் ஒரு படம். சிவப்புக் கோட்டு போட்ட பட்டாளத்துக்காரன் ஒருவன், பக்கத்தில் பழைய காலத்துத் தொப்பி வைத்த வெள்ளைக்காரி. இரண்டு பேர் மூஞ்சியும் பாதி உரிந்துபோயிருந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் கேட்டியா... இந்த டின்னை மட்டும் தந்திருங்க" என்றாள் அக்கா.

"அதெப்படி? அப்பா மொத லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்தது. அது இந்த வீட்ல இருக்க வேண்டியதாக்கும்" என்றான் அண்ணன்.

"ஒனக்கு எதுக்குலே அது? நீ முந்திரிக்கொத்து சுடப்போறியா?"

அவ்வளவுதான். பதினாறு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை, கோபம், பழைய பாக்கி எல்லாம் அந்த டின்னைச் சுற்றி வெடித்தது. நகைக்கு வராத சண்டை ஒரு தகர டப்பாவுக்கு வந்தது!

நான் பி.காம். படித்தவன். இந்த மாதிரி சமயங்களில் எனக்குள் ஒரு கணக்குப்பிள்ளை விழித்துக்கொள்வான். வயது: நாற்பதுக்கு மேல். தேய்மானம்: முழுசாகக் கழிந்தாயிற்று. ஏட்டு மதிப்பு: பூஜ்யம். பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு டீ குடிக்கலாம். பிறகு எதற்கு இந்தச் சண்டை?

விடை தேடிக் கொஞ்சம் சுற்றிவிட்டு வரலாம், வாருங்கள். முதல் நிறுத்தம் நியூயார்க்.

ஏலத்துக்கு வந்த பிஸ்கட் ஜாடிகள்

1988 ஏப்ரல். உலகப் புகழ் பெற்ற சோத்பீஸ் ஏலக் கம்பெனியில் ஒரே கூட்டம். அதற்கு முந்தைய வருஷம் இறந்துபோன ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தவர். வாங்கி வந்த பையைப் பிரிக்காமலேயே மூலையில் போட்டுவிடுவாராம். மொத்தம் சுமார் 10,000 பொருட்கள், 10 நாள் ஏலம், இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வசூல்.

அதில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தவை வைரமோ ஓவியமோ இல்லை. சுமார் 175 பிஸ்கட் ஜாடிகள்! பீங்கானில் செய்து, வேடிக்கையான முகங்களுக்குச் சாயம் பூசிய சாதாரணச் சமையலறை ஜாடிகள். பழைய பொருள் சந்தைகளில் சில டாலர் கொடுத்து வார்ஹோல் பொறுக்கியவை. ஏலத்தில் அவை மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டாலருக்குப் போயின. 'வார்ஹோல் தொட்ட ஜாடி' என்ற பேருக்குத்தான் அந்த விலை. கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் 'குட்வில்'.

அமெரிக்காவில் இந்த ஜாடிகளுக்கு ஒரு கதை உண்டு. அங்கே பிஸ்கட்டை 'குக்கி' என்பார்கள். 1929-ல் ஒஹையோ மாநிலத்தில் பிரஷ் என்ற மட்பாண்டக் கம்பெனி, 'குக்கீஸ்' என்று எழுத்துப் பொறித்த பச்சை ஜாடி ஒன்றைச் செய்தது. இந்த வகையில் முதல் பீங்கான் ஜாடி அதுதான் என்பார்கள் சேகரிப்பாளர்கள். அதே 1929 அக்டோபரில்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. கடையில் பிஸ்கட் வாங்கக் காசு இல்லை. பெண்கள் வீட்டிலேயே சுட ஆரம்பித்தார்கள். சுட்டதை வைக்க ஜாடி வேண்டுமே?

அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஜாடிக்கு முகம் முளைத்தது. சிரிக்கும் பன்றி வந்தது. டிஸ்னியின் மிக்கி மவுஸும் டொனால்டு வாத்தும் வந்தார்கள். 1960-களில் டி.வி. கார்ட்டூன்களின் ராஜ்ஜியம். பிளின்ட்ஸ்டோன் குடும்பம், யோகி கரடி, பப்பாய் எல்லாம் ஜாடியாகி அடுப்பு மேடையில் உட்கார்ந்தார்கள். பப்பாயின் தலையைத் திருகித் தூக்கினால் உள்ளே பிஸ்கட்!

இன்றைக்கும் இவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய் உடைந்த ஜாடி, சாயம் போன ஜாடி எதையும் விடுவதில்லை. 'எங்க பாட்டி வீட்டில் இதே ஜாடி இருந்தது. மூடியைத் தூக்கினால் சத்தம் கேட்டு ஓடி வருவார்' என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் காரணம். வாங்குவது ஜாடியை அல்ல, அந்தச் சத்தத்தை.

வார்ஹோலுக்கும் ஓர் அம்மா இருந்தார். ஜூலியா. இன்றைய ஸ்லோவாகியாவிலிருந்து அமெரிக்கா போன ஏழைக் குடும்பம். காலியான பழ டின்களைக் கத்தரித்து, பூ மாதிரி மடக்கி, வீடு வீடாகப் போய் விற்பார் ஜூலியா. பின்னாளில் வார்ஹோலை உலகப் பிரபலம் ஆக்கியது எது தெரியுமா? 1962-ல் அவர் வரைந்த சூப் டின் படங்கள். அம்மா செய்த தகரப் பூக்கள்தான் அதற்குக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆக, டின்னுக்காகக் கண் கலங்கிய முதல் ஆள் எங்கள் அக்கா இல்லை.

தகரத்துக்கு முகம் வந்த கதை

நம் ஊரில் பீங்கான் மிக்கி மவுஸ் ஏது? நமக்கு வந்தது தகர டின். அது பிறந்த இடம் இங்கிலாந்து.

1822. ரெடிங் என்ற ஊரில் ஜோசப் ஹன்ட்லி என்பவர் பிஸ்கட் கடை வைத்தார். கடைக்கு எதிரே குதிரை வண்டிகள் நின்று போகும் விடுதி. வண்டிக்குக் காத்திருக்கும் பயணிகளிடம் ஒரு பையன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் பிஸ்கட் விற்றான். நம் பஸ் ஸ்டாண்டில் 'கடலே... கடலே...' என்று ஜன்னலோரம் வருகிற மாதிரி! பிஸ்கட் நன்றாக இருந்தது. ஆனால், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஊர் போய்ச் சேருவதற்குள் தூளாகிவிடும். ஹன்ட்லியின் இன்னொரு மகன் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். அவன் தகரத்தில் பெட்டி அடித்துக் கொடுத்தான். பிரச்னை தீர்ந்தது. பின்னாளில் 'ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ்' என்று உலகம் முழுக்கப் போன கம்பெனி இதுதான். தென் துருவத்துக்குப் போன கேப்டன் ஸ்காட்டின் மூட்டையிலும் இந்தக் கம்பெனியின் பிஸ்கட் இருந்தது.

தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. ஆங்கிலத்தில் டின் என்றாலே வெள்ளீயம்தான். அந்தப் பூச்சு இருக்கிறவரை துரு அண்டாது, மூடி இறுக்கமாக இருந்தால் ஈரக்காற்றும் அண்டாது.

ஆரம்பத்தில் டின் மேல் காகித லேபிள்தான் ஒட்டினார்கள். 1868-ல் ஓவன் ஜோன்ஸ் என்ற பிரபல வடிவமைப்பாளரை வைத்து ஹன்ட்லி கம்பெனி ஓர் அலங்கார டின் செய்தது. 1870-களில் தகரத்தின் மேல் நேரடியாக அச்சடிக்க ஆஃப்செட் முறை வந்தது. ஆமாம், இன்றைக்குப் பத்திரிகைகள் அச்சாகும் அதே ஆஃப்செட்தான். அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தகர டப்பாவுக்காக. காகிதத்துக்கு வந்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்!

அப்புறம் என்ன... டின்னின் மேல் ராஜா, ராணி, பூந்தோட்டம், பட்டாளம் எல்லாம் ஏறி உட்கார்ந்தார்கள். புத்தக அடுக்கு மாதிரி டின் வந்தது. சீனத்துப் பூஜாடி மாதிரியும் டின் வந்தது. பிஸ்கட் தீர்ந்த பிறகும் டின்னைத் தூக்கிப் போட மனசு வரக் கூடாது, சமையலறையில் நின்றுகொண்டே கம்பெனிக்கு விளம்பரம் செய்ய வேண்டும். இதுதான் வியாபாரத் தந்திரம். 1976-ல் ரெடிங் ஆலையில் பிஸ்கட் சுடுவது நின்றுபோனது. டின்கள் நிற்கின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பிஸ்கட் டின்களுக்கு என்றே ஒரு சேகரிப்பு இருக்கிறது.

நம் பக்கமும் பிஸ்கட் சீக்கிரமே வந்துவிட்டது. தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியது 1880-ல். கல்கத்தாவில் 295 ரூபாய் முதலீட்டில் பிரிட்டானியாவின் கதை ஆரம்பித்தது 1892-ல். ஆனால், பெட்டிக்கடையில் நாம் வாங்கியது எண்ணி எடுத்துக் கொடுக்கும் பிஸ்கட். டின் கடைக்காரருக்கே சொந்தம். வீட்டுக்கு ஒரு டின் முழுசாக வர வேண்டுமென்றால், யாராவது கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

மஸ்கட்டிலிருந்து வந்த பட்டாளத்துக்காரன்

1973-ல் பெட்ரோல் விலை எகிறியது. அரபு நாடுகளில் பணம் கொட்டியது. ரோடு போட, கட்டடம் கட்ட, கணக்கு எழுத ஆள் வேண்டும். கேரளம் கிளம்பியது. பக்கத்திலேயே இருந்த கன்னியாகுமரி மாவட்டமும் கிளம்பியது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் ஓட்டு வீடுகள் மொட்டை மாடி வீடுகளாக மாறியது அந்தப் பணத்தில்தான்.

எங்கள் அப்பா 1980-ல் மஸ்கட் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. லீவுக்கு வரும் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள்... தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். நீடோ பால் பவுடர், டாங் ஆரஞ்சுத் தூள், தலைவலித் தைலம், ஃபாரின் லுங்கி, செண்டு. எல்லாவற்றுக்கும் மேலே குவாலிட்டி ஸ்ட்ரீட் மிட்டாய் டின்!

அந்த டின்னின் மேல் இருந்தவர்கள்தான் நம் பட்டாளத்துக்காரனும் வெள்ளைக்காரியும்.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மெக்கின்டாஷ் கம்பெனி 1936-ல் இறக்கிய மிட்டாய் இது. அதுவரை நல்ல சாக்லேட் என்றால் பணக்காரர்கள் வாங்கும் அலங்காரப் பெட்டி. ஹெரால்டு மெக்கின்டாஷ் யோசித்தார். ஒவ்வொரு மிட்டாயையும் ஒவ்வொரு வண்ணக் காகிதத்தில் மெஷினால் சுற்றி, அட்டைப் பெட்டிக்குப் பதில் தகர டின்னில் போட்டால்? விலை குறையும், திறந்ததும் வாசனை 'குப்'பென்று வரும். சாதாரணக் குடும்பமும் வாங்கும். வாங்கியது. (அந்தக் காகிதத்தைக் கண்ணில் வைத்து, எங்கள் தெருவைச் சிவப்பாகவும் பச்சையாகவும் நான் பார்த்திருக்கிறேன்.)

பெயர் எங்கிருந்து வந்தது? 'பீட்டர் பான்' எழுதிய ஜே.எம். பேரியின் இன்னொரு நாடகத்தின் பெயர் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்'. நெப்போலியன் யுத்த காலத்துக் கதை. ஃபீபி என்ற பெண், ஒருவர் தன்னைப் பெண் கேட்பார் என்று காத்திருக்கிறாள். அவர் வருகிறார். 'நான் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பத்து வருஷம் கழித்துத் திரும்புகிறார். அதற்குள் அவள் பள்ளிக்கூடம் நடத்தி, இளைத்து, வயதாகி நிற்கிறாள். நாடகம் என்பதால் முடிவு சுபம்.

அந்த ஜோடியை மனசில் வைத்துத்தான் டின்னின் மேல் ஒரு பட்டாளத்துக்காரனையும் ஒரு பெண்ணையும் வரைந்தார்கள். காத்திருந்த பெண்ணும் திரும்பி வந்த ஆணும்! வளைகுடாவுக்குப் போன ஆயிரக்கணக்கான ஆண்கள், வேறு எத்தனையோ இருக்க, இந்தப் படம் போட்ட டின்னைத்தான் தங்கள் மனைவிமார் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவருக்கும் கதை தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. எனக்கே இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டு டின்னில் மிட்டாய் இருந்தது பத்து நாள். அதற்கப்புறம் நாற்பது வருஷம் முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: வறுத்த சிறுபயற்று மாவு, தேங்காய், வெல்லப்பாகு சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக அரிசி மாவில் முக்கி, எண்ணெயில் பொரிப்பது. நாஞ்சில் நாட்டுத் தீபாவளிக்கு அதுதான் ராஜா. ஒழுங்காகச் செய்தால் வாரக்கணக்கில் கெடாது. ஆனால், இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். வெளியே வைத்த பலகாரம் நமுத்துப்போகும். அதனால் இறுக மூடும் டின்னுக்கு அடுக்களையில் தனி மரியாதை.

நாங்கள் அந்தப் படத்துக்குப் பெயர் வைத்திருந்தோம். 'பட்டாளத்து மாமா.' மூடி திறக்கும் சத்தம் கேட்டால், "பட்டாளத்து மாமா தொப்பியைக் கழத்திட்டாரு!" என்று அக்கா கத்துவாள். தெருவில் எங்கே இருந்தாலும் ஓடி வருவோம். எங்களுக்கு மிக்கி மவுஸ், பப்பாய் எல்லாம் அவர்தான்.

டின்னுக்கு முன்னால் பரணி

டின் வருவதற்கு முன்னால் இதே அடுக்களையில் என்ன இருந்தது? பரணி இருந்தது. மற்ற ஊர்களில் ஊறுகாய் ஜாடி என்பதை நாங்கள் பரணி என்போம். மேலே காப்பிக்கொட்டை நிறம், கீழே பால் வெள்ளை. உப்பு மாங்காயைப் போட்டு, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, ஆச்சி அதை இருட்டு மூலையில் வைப்பார். உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்துவிடும், மண்சட்டியோ உறிஞ்சிவிடும். மேலே கண்ணாடிப் பளபளப்புப் பூசிச் சுட்ட பீங்கான் மட்டும் இரண்டுக்கும் மசியாது.

பெரிய பரணியைச் 'சீனப் பரணி' என்பார்கள். பெயரிலேயே ஊர் இருக்கிறது, பாருங்கள். நம் பேச்சில் சீனாக்காரர் நிறையவே உட்கார்ந்திருக்கிறார். சீனிச் சர்க்கரை, சீனச்சட்டி, சீன வெடி, சீன வலை...

மிளகு வாங்க வந்தவர்கள் சீனர்கள். 1340-களில் இந்தப் பக்கம் வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, சீன வணிகர்கள் அதிகம் வந்து போகும் ஊர் என்று கொல்லத்தைக் குறிப்பிடுகிறார். அவர் எழுத்தில் இன்னொரு சமாசாரமும் உண்டு. கடல் பயணத்துக்காக இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் எல்லாவற்றையும் உப்பில் ஊறவைத்து நிரப்பிய பெரிய ஜாடிகள் தனக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததாகச் சொல்கிறார். அந்த ஜாடிக்கு அவர் எழுதும் பெயர் 'மர்தபான்'.

மர்தபான் என்பது பர்மாக் கரையில் ஒரு துறைமுகம். இன்றைய பெயர் மொட்டமா. அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய பெரிய ஜாடிகளுக்கெல்லாம் இந்துமாக்கடல் முழுக்க அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. இன்றைக்கும் இந்தியில் ஊறுகாய் ஜாடியை 'மர்தபான்' என்கிறார்கள்.

இங்கே என் கணக்குப்பிள்ளை புத்திக்கு ஒன்று பட்டது. அந்த ஜாடிகள் பல நேரம் விற்பனைச் சரக்காக வந்தவையே அல்ல. குடிதண்ணீர், எண்ணெய், ஊறுகாய் கொண்டுவந்த பாத்திரங்கள். அதாவது, வெறும் பேக்கிங்! கணக்கில் 'செலவு' என்று எழுதித் தள்ள வேண்டிய ஐட்டம். சரக்கு வயிற்றுக்குள் போய்விட்டது. பேக்கிங் அரண்மனைக்குள் போய்விட்டது.

நிஜமாகவே அரண்மனைக்குள்தான். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் போயிருக்கிறீர்களா? திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, மிளகு வியாபாரத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்த மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை. அங்கே ஊட்டுப்புரை என்ற நீளமான மண்டபத்தில் ஆயிரம் பேர் வரை உட்காரவைத்துச் சோறு போடுவார்களாம். அத்தனை இலைக்கும் ஊறுகாய் வேண்டாமா? அதற்கான பிரம்மாண்டமான சீனப் பரணிகளை இன்றைக்கும் பார்க்கலாம். சீன வணிகர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தவை என்று சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வார்கள். ஸ்கூல் டூரில் அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஆச்சி, ஒன் பரணியோட பாட்டா அங்க இருக்காரு" என்று நான் சொன்னதை ஆச்சி சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மிளகுக்குக் கப்பல் வந்தது, பரணி நின்றது. மஸ்கட்டுக்கு ஆள் போனார், டின் நின்றது. ஒவ்வொரு காலத்துச் சம்பாத்தியமும் அடுக்களையில் ஒரு பாத்திரத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாஞ்சில் நாட்டுப் பொருளாதார வரலாறு எழுத நினைப்பவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை அடுக்களை அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.

மூடியின் உள்பக்கம்

சரி, சண்டைக்கு வருவோம்.

அக்காவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறவள். செல்போனில் எதையோ தட்டிவிட்டு, "சித்தப்பா, இந்தப் பழைய டின்னுக்கெல்லாம் ஆன்லைன்ல விலை இருக்கு. 2000-ம் வருஷத்தோட இந்த ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்களாம். வேணும்னா இன்னொண்ணு வாங்கிரலாம்" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மூடியைக் கழற்றி இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், "இதென்ன, ஏதோ கீறியிருக்கு?" என்று கேட்டாள்.

மூடியின் உள்பக்கம். ஊசியால் கீறிய எழுத்து. அம்மாவின் எழுத்துதான்.

மேலிருந்து கீழாகத் தேதிகள். ஒரு வரிக்கு இரண்டு தேதி, நடுவில் ஒரு கோடு. முதல் வரி 1982. அடுத்தது 1984. இப்படியே 1994 வரை ஏழு வரி. அப்பா வந்த தேதி, போன தேதி. எட்டாவது வரியில் 1996 என்று ஒரு தேதி மட்டும். பக்கத்தில் கோடு இல்லை. அந்த வருஷம்தான் அப்பா வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார்.

பழக்க தோஷம்... நான் கூட்டிப் பார்த்தேன். 16 வருஷம், ஏழு லீவு. மொத்தம் 324 நாள். ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை.

எங்களுக்கு வீடு கட்டியது, அக்காவுக்குக் கல்யாணம் செய்தது, என்னை பி.காம். படிக்கவைத்தது எல்லாமே அந்தப் பதினாறு வருஷத்துச் சம்பளம். வரவுப் பக்கம் எனக்கு எப்போதும் தெரியும். பற்றுப் பக்கத்தை அம்மா தனியாக ஒரு மூடியின் உள்ளே எழுதி, அதன் கீழே எங்களுக்கு முந்திரிக்கொத்து வைத்திருக்கிறார். அத்தனை வருஷம் கையை விட்டுத் துழாவியிருக்கிறோம். ஒருத்தரும் மூடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அக்காதான் முதலில் அழுதாள். அண்ணன் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நீயே எடுத்துக்க" என்றான். "வேண்டாம்லே, இங்கயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. இப்போது சண்டை தலைகீழாகத் திரும்பிவிட்டது!

எனக்குப் பத்மநாபபுரம்தான் ஞாபகம் வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அரண்மனை இருக்கும் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால், அரண்மனை? அதைப் பராமரிப்பது இன்றுவரை கேரளத் தொல்லியல் துறை. மண் இங்கே, பொறுப்பு அங்கே. பரணியை யாரும் இடம் மாற்றவில்லை. வருஷம் முழுக்க இரண்டு பக்கத்து ஜனங்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த உதாரணத்தைச் சொன்னேன். "ஒரு டின்னுக்கு இவன் மாநில எல்லைப் பிரிக்கான்" என்று மயினி சிரித்தார். ஆனால், ஏற்பாடு அதுவாகவே முடிந்தது. டின் வடசேரி வீட்டில் அண்ணனிடம் இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா வந்து முந்திரிக்கொத்து சுட்டு அதை நிரப்ப வேண்டும். தின்பதற்கு நான் வர வேண்டும்.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். அக்கா கை அம்மா கை மாதிரி இல்லை. பாகு கொஞ்சம் முந்திவிட்டது, பல்லுக்கு வேலை. மூடியை மட்டும் யாரும் தேய்த்துக் கழுவக் கூடாது என்று உத்தரவு. ஈரத் துணியால் வெளிப்பக்கம் ஒரு துடை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டின் இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலோ, டால்டா டப்பாவோ, ஏதோ ஒன்று. தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை மூடியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.